மஹிந்திரா தாருக்கு ஆக்ஸிலரி லைட் வயரிங்: எர்த்தில் கோட்டை விடாதீர்கள்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகுதான் எனக்குக் கஷ்டமே ஆரம்பிக்கும். நண்பரின் மிளகுத் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் என் பழைய தார் ஜீப்பின் ஹெட்லைட் போதவே போதாது. அதனால் 55 வாட் ஹாலஜன் டிரைவிங் லைட் இரண்டு வாங்கி, போன மாதம் நானே மாட்டினேன்.

முதலில் கணக்கு. இரண்டும் சேர்ந்து 110 வாட், 12 வோல்ட்டுக்கு ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஆட்டோ வயர், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போதும். இவ்வளவு கரண்ட்டை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ ஹெட்லைட் வயர் வழியாகவோ நேரடியாக இழுக்காதீர்கள், சூடாகி உருகிவிடும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாசிட்டிவில் இருந்து வரும் வயரில் ஃபியூஸ் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் உள்ள துண்டு எங்காவது உரசி பாடியைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். ஃபியூஸில் இருந்து வரும் வயர் 30க்கு, 87இல் இருந்து இரண்டு லைட்டின் பாசிட்டிவுக்கும், 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு இணைந்திருக்கும் வண்டியின் இரும்பு உடலுக்கு. 86இல் இருந்து வயர் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) இருக்கும் ரப்பர் கிரொமெட் துளை வழியாக உள்ளே சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து ஹெட்லைட்டின் ஹை பீம் வயரில் சேர வேண்டும். அப்போதுதான் எதிரே வண்டி வரும்போது டிம் அடித்தால் இதுவும் சேர்ந்து அணையும். கடையில் ஐந்து பின் ரிலே கொடுத்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அது ரிலே ஆஃப் ஆக இருக்கும்போது இணைப்பு கொடுப்பது, அதைச் சும்மா விட்டுவிடுங்கள். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது.

வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் எனக்குப் பிடிக்காது. மண்பாதைக் குலுக்கலில் லூஸாகிவிடும். ஹை பீம் வயரில் சேர்க்கும் இடத்தில் சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். லக்குகளை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்) அழுத்திப் பிடிக்க வைக்க நல்ல கிரிம்ப்பர் ஒன்று வாங்குங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

இனி எர்த். நான் ஒரு வாரம் திண்டாடியது இங்கேதான். எல்லாம் மாட்டி சுவிட்ச் போட்டால் இரண்டு லைட்டும் எரிகிறது, ஆனால் காடா விளக்கு மாதிரி மஞ்சளாக. பல்பை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், அப்படியேதான். கடைசியில் லைட்டை எரியவிட்டபடியே மல்டிமீட்டரின் ஒரு முனையை லைட்டின் கறுப்பு (நெகட்டிவ்) வயர் லக்கிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 1.7 வோல்ட் காட்டியது. அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். லக்கைக் கழற்றிப் பார்த்தால், நான் எர்த் கொடுத்திருந்த பம்பர் போல்ட்டுக்கு அடியில் கறுப்பு பெயின்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது, மரை நுனியில் மட்டும்தான் இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றரை வோல்ட் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

பிறகு பம்பரை நம்பாமல், இரண்டு லைட்டின் எர்த்தையும் அதே 2.5 ஸ்கொயர் வயரில் சேசிஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே லக் அளவுக்கு உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். மீட்டரில் 0.1. வெளிச்சம் வெள்ளையாகப் பாதையின் கோடிவரை போனது. லைட் எரிகிறதே என்று விட்டுவிடாமல் இந்த ஒரு அளவை மட்டும் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்.

பனிமூட்டத்தில் இவற்றைப் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். அப்புறம், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும், அதனால் மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் நான் மூடி போட்டுத்தான் ஓட்டுகிறேன், எதிரே பைக்கில் வருபவர் கண் கூசித் தடுமாறினால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்து மாட்டிய ஒருவருக்கு டிம்மில் லைட் எரிகிறது, ஹை பீம் போட்டால் அணைகிறது. அவர் வண்டியில் ஹெட்லைட் எர்த் பக்கம் சுவிட்ச் ஆகிறது, அதாவது பாசிட்டிவ் பொதுவாக வந்துகொண்டிருக்க, சுவிட்ச் எர்த்தைத்தான் இணைக்கிறது, ஜப்பானிய வடிவமைப்புகள் பலவற்றில் இப்படித்தான். ஹெட்லைட்டை டிம்மில் வைத்து ஹை பீம் வயரை மீட்டரால் தொட்டுப் பாருங்கள், அப்போதே 12 வோல்ட் இருந்தால் உங்களுடையதும் இதே ரகம். 85ஐ எர்த்தில் இருந்து எடுத்து ஹை பீம் வயரில் கொடுங்கள், 86ஐ சுவிட்ச் வழியாக ஹெட்லைட்டின் பொதுப் பாசிட்டிவ் வயரில் கொடுங்கள். அவருக்கு இப்போது சரியாக எரிகிறது.