மாட்யூலில் எழுதிய மெத்தட் எங்கே போனது?

ரூபி நிரல் மொழியில் ஒரு மாட்யூல் (மெத்தட்களின் தொகுப்பு) எழுதி, கிளாஸில் இன்க்ளூட் செய்து ஓட்டினால் சில சமயம் 'அன்டிஃபைன்ட் மெத்தட்' என்று வந்து நிற்கும். எழுத்துப்பிழை தேடியே ஒரு மதியம் முழுக்கப் போயிருக்கிறது எனக்கு. அந்த மெத்தட் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இன்க்ளூட் செய்தால் மெத்தட்கள் அந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்களுக்குக் கிடைக்கும். கிளாஸ் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டுமா, எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். மாட்யூலுக்குள் செல்ஃப் போட்டு எழுதிய மெத்தட் இருக்கிறதே, அது இரண்டிலும் வராது, மாட்யூலிடமே தங்கிவிடும்.

ஆப்ஜெக்ட்டுக்கும் கிளாஸுக்கும் என இரண்டு வகை மெத்தட்டும் வேண்டுமென்றால், ரூபியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸில் கன்சர்ன் என்ற மாட்யூல் வகை இருக்கிறது. ஆனால் மாடல் கிளாஸில் எழுதுகிற ஹேஸ் மெனி, வேலிடேட்ஸ் மாதிரியான அறிவிப்புகளை அதன் 'இன்க்ளூடட்' பிளாக்குக்கு வெளியே எழுதிவிட்டால், ரூபி அவற்றை மாட்யூலிடமே கேட்கும், மாட்யூலுக்கு அவை தெரியாது, ஃபைல் ஏறும்போதே எரர்தான்.

கன்ட்ரோலருக்கான (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸ்) கன்சர்னில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அதில் பப்ளிக்காக விட்ட மெத்தட் ஒவ்வொன்றும் ஆக்ஷனாகவே (கோரிக்கைக்குப் பதில் தரும் மெத்தட்) கணக்கில் வரும், பொருந்துகிற ரூட் (யூஆர்எல் வழி) இருந்தால் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். பிரைவேட் போட்டுவிடுங்கள். வியூவில் (பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட்) அது தேவைப்பட்டால் ஹெல்பர் மெத்தட் என்று அறிவித்தால் போதும், பிரைவேட்டாக இருந்தாலும் வேலை செய்யும்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற தவறு ஒன்று: ஹெல்பருக்குள் (வியூவுக்கு உதவும் மெத்தட்) நேரடியாக இன்ஸ்டன்ஸ் வேரியபிளைப் படிப்பது. உங்கள் ஆப்பில் கன்ட்ரோலர் அதை நிரப்பிவைத்திருக்கும். இன்னொருவர் அந்த ஹெல்பர் உள்ள உங்கள் ஜெம்மை (ரூபி பேக்கேஜ்) எடுத்துப் போட்டால் அங்கே அது நில் (மதிப்பு இல்லை), ரூபி எரர்கூடச் சொல்லாது, வெப் பக்கத்தில் வெற்றிடம்தான் தெரியும், அவர் எங்கே போய்த் தேடுவார்? வேண்டியதை ஆர்க்யுமென்ட்டாகவே வாங்குங்கள். பெயரையும் பொதுவாக 'ஃபார்மட் டேட்' என்று வைக்காதீர்கள். ஹெல்பர்கள் எல்லாம் ஒரே வியூவில் வந்து சேர்கின்றன, ஒரே பெயர் இரண்டிருந்தால் கடைசியாகச் சேர்ந்தது மற்றதை மறைத்துவிடும்.

எஞ்சினை (இன்னொரு ஆப்புக்குள் பொருத்துகிற சிறு ரெயில்ஸ் ஆப்) ஐசொலேட் செய்து, அதாவது தனிப் பெயர்வெளியில் பிரித்து வைத்திருந்தால் அதன் ஹெல்பர்கள் தாய் ஆப்பில் தானாக வராது. தாய் ஆப்பின் அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் அந்த எஞ்சினின் 'ஹெல்பர்ஸ்' முழுவதையும் ஒரே வரியில் சேர்க்கலாம். எஞ்சினுக்குள்ளிருந்து தாய் ஆப்பின் ரூட்டை அழைக்க, முன்னால் 'மெயின் ஆப்' சேர்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குழப்பமா? கன்சோலைத் திறந்து அந்த கிளாஸின் 'அன்செஸ்டர்ஸ்' பட்டியலைப் பாருங்கள், பிறகு மெத்தட்டின் 'ஓனர்' யார் என்று கேளுங்கள், எந்த மாட்யூல் என்று பெயரோடு சொல்லிவிடும்.