வர்க்கலா பாறை மேல் நடக்க, முதலில் கீழே இறங்குங்கள்

கடற்கரைக்குப் போனால் காலை நனைத்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புவதுதான் நம் வழக்கம். கேரளத்தின் வர்க்கலாவில் கடலுக்கு மேலே, செங்குத்தான சிவந்த பாறையின் ஓரமாகவே நடக்கலாம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. முதல் தடவை போகிறவர்களுக்காக, நான் நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மாதம் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது இந்த நடை வேண்டவே வேண்டாம். ஏன் என்பது மூன்றாவது படியில் புரியும்.

2. காலுக்கு நல்ல பிடிமானம். வீட்டு ரப்பர் செருப்போடு போய், பாதிப் படிக்கட்டில் வார் அறுந்து, சுடுகல்லில் நொண்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஷூ இல்லாவிட்டால் பின்வார் வைத்த செருப்பாவது போடுங்கள். தண்ணீர், தொப்பி, சின்ன டார்ச். போதும்.

3. மேலே ஏறாதீர்கள், கீழே போங்கள். ரயில் நிலையத்தின் பெயர் வர்க்கலா சிவகிரி. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, மூன்றரை மணிவாக்கில் பாபநாசம் கடற்கரையில் இறங்குங்கள். பக்கத்திலேயே ஜனார்த்தன சுவாமி கோயில். ஆடி அமாவாசைக்கு நாம் தர்ப்பணம் கொடுப்பது போல, கர்க்கடக வாவு எனும் அமாவாசைக்கு மலையாளிகள் முன்னோருக்குப் பிண்டம் வைக்க இங்கே கூடுகிறார்கள்.

அலை ஓரமாக நின்றபடி பாறையை அண்ணாந்து பாருங்கள். பாறைக்கு அடியில் போய் நிற்க வேண்டாம், கல் விழும். மேலடுக்கு செம்புரைக்கல், தேன்கூடு மாதிரி துளை துளையாக இருக்கும். அதற்குக் கீழே மணற்கல், களிமண் அடுக்குகள். மழைநீர் துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. களிமண் அதை விடாது. எனவே பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கசியும்போது மணலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வருகிறது. அடி அலையால் தேய, மேலே உள்ள கெட்டியான கல் மட்டும் கூரைச் சரிவு போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் அது வெறும் புல்தரை!

4. இப்போது ஏறுங்கள். ஹெலிபேட் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அங்கிருந்து வடக்கு நோக்கி நடை. கடல் உங்கள் இடது கையில். விளிம்பிலிருந்து நாலைந்து அடியாவது தள்ளியே நடங்கள். குழந்தைகள் வலது பக்கம். வேலி இருந்தாலும் சாயாதீர்கள். வேலியும் அதே மண்ணில்தான் ஊன்றியிருக்கிறது. செல்ஃபிக்காகப் பின்னோக்கி ஓரடி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் பகுதி முழுக்கக் கடைகளும் ஓட்டல்களும்தான். கூட்டத்தில் நகர்வதே பெரிய வேலை, வேகமாகத் தாண்டிவிடலாம்.

5. கடைகள் முடிந்த பிறகுதான் நடை. தென்னைகளுக்கு நடுவே பாதை மெல்ல இறங்கி, மணல் கறுத்துக் கிடக்கும் கறுப்புக் கடற்கரைக்கு வரும். அடுத்து ஓடயம் கடற்கரை. படகுகள், காயும் வலைகள். முதல் தடவைக்கு இதுவரை போதும். கால் கேட்டால் எடவா தாண்டி, காயலும் கடலும் நெருங்கி வரும் காப்பில் வரை போகலாம்.

6. திரும்புதல். மேற்குக் கடல் என்பதால் சூரியன் நேராகத் தண்ணீரில் இறங்கும். அதை ஓடயத்தில் உட்கார்ந்தே பாருங்கள். அப்புறம் இருட்டில் விளிம்புப் பாதை வேண்டாம். ஊருக்குள் போகும் சாலைக்கு வந்து ஆட்டோ பிடியுங்கள். ஏறும் முன் கூலியைப் பேசிவிடுவது நல்லது.