முதலில் கேள்வி, அப்புறம் கேமரா

எங்கள் கல்லூரியில் ஆன்லைன் பாடம் என்றாலே முதலில் ஸ்டூடியோ தேதியைத்தான் குறிப்பார்கள், வினாக்களும் வாசிப்புப் பகுதியும் கடைசியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கும். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயமோ வீடியோ, வாசிப்புப் பாடம், விவாதப் பகுதி, மதிப்பீடு என நான்கையும் கேட்கிறது.

இந்த முறை புள்ளியியல் பாடத்துக்குத் தலைகீழாகத் திட்டமிட்டேன். வாரத்துக்கு வாரம் மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி, உடனே அதைச் சோதிக்கும் கேள்வி, அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்ட். ‘திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பற்றி அறிதல்’ என்று எழுதினால் கேள்வி பிறக்காது. ‘இரண்டு வகுப்புகளின் மதிப்பெண்களில் எதில் சிதறல் அதிகம் என்று கணக்கிடுதல்’ என்றால் கேள்வி தானாக வந்துவிடும், வீடியோவில் எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும். மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் கிடைத்தது.

தாம்பரம் மின்சார ரயிலில் போனில் பார்க்கும் பிள்ளைகள் எங்களுக்கு அதிகம், அதனால் ஒவ்வொரு வீடியோவும் இரண்டு மூன்று ஸ்டேஷனுக்குள் முடியும்படி வெட்டினோம்.

சப்டைட்டில் திருத்தத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பேச்சில் தானியங்கி எழுத்து கலைச்சொற்களைக் கன்னாபின்னாவென்று மாற்றிவிடும். காது கேளாத மாணவருக்கு அந்த எழுத்துதான் பாடமே.