பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஆஃப்ரோடுக்குத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் விசாரிப்பது லிஃப்ட் கிட்டையும் (வண்டியை உயர்த்தும் பாகத் தொகுப்பு) பெரிய டயரையும்தான். வீல் பேரிங் எந்த நிலையில் இருக்கிறது, பிரேக் ஹோஸ் எத்தனை வருடப் பழசு, ரேடியேட்டரைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இதெல்லாம் போட்டோவில் தெரியாது என்பதும் ஒரு காரணம். ஆனால் பழைய வண்டி தடத்தின் நடுவில் நிற்பது உயரம் போதாமல் அல்ல. ஹோஸ் வெடித்து, இன்ஜின் சூடேறி, பேரிங் நொறுங்கித்தான் நிற்கும்.

ஒரு பாகத்தை மாற்றினால் அதற்கு அடுத்த பாகத்தின் மேல் புதுச் சுமை ஏறும். பெரிய டயர் போட்டால் ஆக்சிலுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) போட்டால் முன் ஸ்பிரிங் தாழும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அப்புறம் சில நாள் ஓட்டம், அதன் பிறகு அடுத்தது. கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையை மீறுவதால் வருபவைதான்.

அடிப்படையைச் சரிசெய்யாமல் மேலே கட்டுவது

வண்டி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது எல்லா எண்ணெயையும் வடித்துப் பார்ப்பது. இன்ஜின் ஆயில் மட்டும் போதாது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்-பின் ஆக்சில்களுக்குப் பிரிப்பது), முன்-பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) எல்லாவற்றையும் வடிக்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் நட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் உருட்டும்போது நறநறவென்று துண்டுகள் தட்டுப்பட்டால், பல் உடைந்திருக்கிறது அல்லது பேரிங் உதிர்கிறது என்று பொருள். அந்த ஹவுசிங்கைத் திறக்காமல் மேலே ஒரு செலவும் செய்யாதீர்கள். இன்னொன்று: வடிகால் நட்டைக் கழற்றும் முன் ஆயில் ஊற்றும் துளையின் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்த ஆயிலை வடித்துவிட்டு, புதியதை ஊற்ற வழியில்லாமல் நிற்பது பழைய வண்டிகளில் சகஜம்.

புது ஆயில் ஊற்றும்போதும் கவனம் வேண்டும். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 ரக கியர் ஆயில் வேண்டும். அதையே எல்லாப் பழைய கியர்பாக்ஸிலும் ஊற்றக் கூடாது. பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள பல கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தான் சொல்லப்பட்டிருக்கும். கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்து சேஸிஸ். பெயின்ட் அடித்த துரு கண்ணுக்குத் தெரியாது, சுத்தியலுக்குத் தெரியும். ஸ்பிரிங் ஷேக்கிள் பிடிக்கும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் செய்த இடம், பின் பக்க வளைவு இவற்றைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் தகடு உள்ளே அரித்திருக்கலாம். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடத்தில் விரிசல் விடுவது பெரிய டயர் போட்ட பழைய வண்டிகளில் நன்கு தெரிந்த சங்கதி. அதனால் டயர் வாங்கும் முன்பே அந்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

கூலிங் சிஸ்டத்துக்கும் இதே நிலைதான். எல்4 (மெதுவான, இழுவை கூடிய ஃபோர் வீல் கியர்) போட்டு மெதுவாக ஏறும்போது காற்று வந்து மோதாது, ஃபேன் மட்டுமே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெடுஞ்சாலையில் சாதுவாக இருக்கும் வண்டி ஏற்றத்தில் கொதிப்பது இதனால்தான். ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் மூடி இவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு தடவை ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

லிஃப்ட் கொடுத்தால் எல்லாம் உயரும் என்று நம்புவது

இது நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்தினால் பாடியும் சேஸிஸும் உயரும். ஆனால் தரைக்கு மிக அருகில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஆக்சில் டயரின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 30 அங்குல டயருக்குப் பதில் 33 போட்டால் ஆக்சிலுக்கு அடியில் கிடைப்பது விட்டத்தின் பாதி, அதாவது 1.5 அங்குலம். பெரிய டயர் உரசாமல் சுழல இடம் தருவதும், மேட்டில் வயிறு தட்டாமல் காப்பதும்தான் லிஃப்டின் வேலை. அது தேவைதானா என்று டயர் அளவை முடிவு செய்த பிறகு யோசித்தால் போதும்.

உயரம் கூடக்கூடத் தலைவலியும் கூடும். ஈர்ப்பு மையம் மேலே போகும், சாய்வுப் பாதையில் கவிழும் அபாயம் அதிகமாகும். லிங்க் ஆர்ம் வைத்த முன் ஆக்சிலில் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங் நேராக நிற்காமல் வண்டி சாலையில் அலைபாயும். பான்ஹார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) இருந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும். குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுழல வேண்டியிருக்கும். 2 அங்குலம் வரை பல வண்டிகள் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். அதற்கு மேல் போனால், கிட் விலையைவிட அதைச் சரிக்கட்ட வாங்கும் பாகங்களின் விலை ஏறிக்கொண்டே போகும்.

லிஃப்ட் போட்ட பிறகு பலர் விட்டுவிடும் ஒரு சோதனை உண்டு. ஒரு முன் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின் சக்கரத்தையும் மேடான கல்லின் மேல் ஏற்றி, வண்டியை முறுக்கிய நிலையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே தொங்கும் சக்கரத்தின் பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுகிறதா? மேலே ஏறிய சக்கரத்தின் டயர் மட்கார்டில் முட்டுகிறதா, பம்ப் ஸ்டாப் அதற்கு முன்பே தடுக்கிறதா? ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு வந்துவிட்டதா? ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியும் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுவது தடத்தில் நடந்தால் இறக்கத்தில் நடக்கும். அந்த நேரத்தில்தான் பிரேக்கும் வேண்டும்.

பெரிய டயருக்கு மற்றதைச் சரிசெய்யாமல் விடுவது

30-லிருந்து 33-க்குப் போனால் கியர் விகிதம் 10 சதவீதம் நீண்டுவிட்டதுபோல ஆகும். வண்டி ஏற்றத்தில் மூச்சுத் திணறும், கிளட்ச் தேயும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 110-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்கும் அதே வட்டத்தட்டை வைத்துக்கொண்டு பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். இதற்குச் சரியான வழி டிஃபரன்ஷியலுக்குள் உள்ள கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதத்தை மாற்றுவது: 4.10 இருந்த இடத்தில் ஏறக்குறைய 4.5 வந்தால் பழைய இழுவை திரும்பிவிடும். மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டும் வேறு விகிதத்தில் இருக்கும்போது ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். இதே காரணத்தால் முன்னால் பழைய டயர், பின்னால் அளவு வேறான புது டயர் என்று கலந்து போடுவதும் கூடாது.

இவ்வளவும் செய்ய முடியாது என்றால் ஒரு அளவு மட்டும் பெரிய டயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆல்-டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயரைக் காற்றுக் குறைத்து ஓட்டுபவர், மட்-டெரெய்ன் (சேற்றுக்கான) டயரைச் சாலைக் காற்றோடு ஓட்டுபவரைத் தாண்டிப் போவதைத் தடத்தில் பார்க்கலாம்.

காற்றைக் குறைப்பது செலவில்லாத மாற்றம். ஆனாலும் பலர் இதைத்தான் கடைசியில் கற்றுக்கொள்கிறார்கள். சாலையில் 32-35 பிஎஸ்ஐ வைத்திருப்பவர் கல், மண் தடத்தில் 22-25 வரை, தளர்ந்த மணலில் 15-18 வரை இறக்கலாம். வண்டி எடையையும் டயரையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும். டயர் பரந்து உட்காரும், பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக் கூடும். குறைத்த காற்றோடு சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆக, பிரஷர் கேஜும் கம்ப்ரசரும் எல்லாவற்றுக்கும் முன்பே வாங்க வேண்டியவை.

பழைய வண்டியோடு வரும் டயரின் பட்டன் ஆழம் நன்றாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பத்து வருட டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

இழுக்கும் கொக்கியில் அலட்சியம்

மற்ற தவறுகள் பணத்தைத் தின்னும். இது ஆளையே கொல்லும்.

டிரெய்லர் மாட்டும் உருண்டை ரெக்கவரிக்கானது அல்ல. சிக்கிய வண்டியை மீள்தன்மையுள்ள ஸ்ட்ராப்பால் சுண்டி இழுக்கும்போது அது ஒடிந்தால் குண்டாகப் பறந்துவரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டிக்கு அடியில் உள்ள மெல்லிய வளையங்கள் பலவும் கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது கட்டிவைக்க வைத்தவை, இழுக்க அல்ல. சேஸிஸோடு உயர்தர போல்ட் போட்டு இணைத்த, சுமை அளவு குறிப்பிட்ட ரெக்கவரி பாயின்ட் முன்னும் பின்னும் வேண்டும். லாக்கரோ (ஆக்சிலின் இரு சக்கரங்களையும் சேர்த்தே சுழல வைப்பது) வின்ச்சோ வாங்கும் முன் இது.

நீளும் ஸ்ட்ராப் வேறு, நீளாத வின்ச் ஸ்ட்ராப் வேறு. நீளாததைப் போட்டுச் சுண்டி இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் கொக்கியில் இறங்கும். இரண்டு ஸ்ட்ராப்பை இணைக்க நடுவில் இரும்பு ஷேக்கிள் போடாதீர்கள். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் ஸ்ட்ராப்பின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிற்கட்டும்.

வின்ச் வாங்குபவர்கள் சுமையேற்றிய வண்டி எடையைப்போல ஒன்றரை மடங்கு திறன் பார்ப்பது வழக்கம். 2,500 கிலோ வண்டிக்கு 3,750 கிலோ. பெட்டியில் போட்டிருக்கும் திறன் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் இழுவை குறையும். ஒரு கப்பி இருந்தால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். ஒரு மண்வெட்டியும் இருந்தால் வின்ச்சுக்கு வேலையே வராத நாட்கள் நிறைய.

தண்ணீரும் வயரும்

ஸ்னார்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டதும் வண்டி படகாகிவிடாது. ஏர் ஃபில்டர் பெட்டியில் வடிகால் துளையோ கிழிந்த ரப்பரோ இருந்தால், மேலே எவ்வளவு உயரமான குழாய் இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். அதைவிட அதிகம் மறக்கப்படுவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் வழியான பிரீதர். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். பிரீதர் அடைத்தோ தாழ்வாகவோ இருந்தால் தண்ணீர் உறிஞ்சப்படும். ஒரு நீள ஹோஸ் போட்டு பிரீதரை இன்ஜின் அறை வரை ஏற்றினால் தீர்ந்தது. முன்பு சொன்ன அந்த வெளுத்த ஆயில் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

விளக்குகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிலே, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ், சுத்தமான எர்த் இவை மூன்றும் இல்லாமல் எல்இடி பார் மாட்டாதீர்கள். பழைய வண்டியின் வயர் உறை ஏற்கெனவே நொறுங்கிய நிலையில் இருக்கும். சுவிட்சிலிருந்து நேராக இழுத்தால் தீப்பிடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றுவது

பாதியில் கைவிட்ட புராஜெக்ட் வண்டிகளைப் பார்த்தால் கதை ஒன்றுதான். ஆக்சில் ஒரு மூலையில், டிரான்ஸ்ஃபர் கேஸ் பெஞ்ச் மேல், பெட்டி பிரிக்காத லிஃப்ட் கிட், போல்ட்கள் எல்லாம் ஒரே டப்பாவில். பிரித்தவருக்கே எது எங்கே போகும் என்று நினைவில்லை. வண்டி எந்தக் கட்டத்திலும் இரண்டு நாளில் சாலைக்கு வரும் நிலையில் இருக்க வேண்டும். அப்படி முடியாத வேலை என்றால் அதைச் சிறு வேலைகளாகப் பிரியுங்கள்.

இன்னொருவர் வண்டியைப் பார்த்து அப்படியே நகலெடுப்பதும் இதன் தம்பிதான். அவர் ஓட்டுவது பாறை, நீங்கள் ஓட்டுவது சேறு என்றால் அவருடைய பாகப் பட்டியலால் உங்களுக்கு என்ன பயன்? லாக்கர் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். குறுக்குப் பள்ளங்களில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது லாக்கர் மந்திரம் போடும். பின்னால் ஒன்று இருந்தாலே பெரும்பாலான தடங்களுக்குப் போதும். முன்னாலும் போட்டு, பெரிய டயரோடு ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால், பழைய முன் ஆக்சில் ஜாயின்ட் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

ரூஃப் ரேக், கூடாரம், இரும்பு பம்பர், கூடுதல் டேங்க், டிராயர் என்று சேர்ப்பவர்கள் ஒருமுறையாவது வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன மொத்த எடையைத் தாண்டியிருந்தால், மாற்ற வேண்டியது ஸ்பிரிங் அல்ல, ஏற்றிய சாமான். உயரம், டயர், பம்பர் மாற்றங்களுக்கு உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறது, காப்பீடு அதை ஏற்குமா என்பதையும் வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வேலை முடித்தாலும் முதல் 50-100 கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட்டு, யு-போல்ட், ஷாக் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். முறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த தடவை குனிந்து பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.