திட்டிய பிறகு “உனக்கு என்னையப் புடிக்காது” என்று குழந்தை அழுதால் என்ன செய்வது?

தம்பியைக் கடித்ததற்காக டிவியை அணைக்கிறோம். ஐந்து வயது மகள் மூக்கு ஒழுக நின்று, “உனக்கு என்னையப் புடிக்கவே புடிக்காதுப்பா, தம்பியத்தான் புடிக்கும்” என்கிறாள். அந்த நொடியில் என்ன சொல்வது, அப்புறம் என்ன செய்வது என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது ஓரளவு கைகொடுக்கும் முறை இது. நான்கிலிருந்து ஏழு வயது வரைக்கும் பொருந்தும். எதற்கெல்லாம் கண்டிக்கலாம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அடிப்பது இந்தக் கணக்கிலேயே கிடையாது.

1. தரையில் உட்காருங்கள்

நின்றுகொண்டு பேசினால் எதைச் சொன்னாலும் அதட்டலாகத்தான் விழும். பக்கத்தில் உட்காருங்கள். தொட விட்டால் தொடுங்கள், தள்ளிவிட்டால் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

2. முதல் வாக்கியம்

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். நம் வாயில் தயாராக மூன்று பதில்கள் இருக்கும். “அப்படியெல்லாம் பேசக் கூடாது.” “போன மாசம்தானே சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன்?” “ஆமா, சேட்டை பண்ற பிள்ளையப் புடிக்காதுதான், போ.” மூன்றும் வேண்டாம். மூன்றாவது ரொம்ப மோசம். பிள்ளை பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு நாமே ஆமாம் போட்டுவிடுகிறோம்.

ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் கோபமும் பாசமும் இருக்க முடியும் என்பது இந்த வயதுக்கு எளிதில் பிடிபடாது. அப்பா முகத்தில் கோபம் தெரிந்தால் பாசம் போய்விட்டது என்றுதான் கணக்கு. பல நேரம் பிள்ளை நடிக்கவில்லை, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. சில நேரம் டிவிக்காகப் பேரம் பேசுவதும் உண்டுதான். எது எது என்று துப்பறிய வேண்டாம், பதில் இரண்டுக்கும் ஒன்றே.

“அப்பா கத்துனதும் நம்மளப் புடிக்கலயோன்னு தோணுச்சா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிதான் கஷ்டம், நாக்கு துறுதுறுக்கும். என் மகள் நெடுநேரம் பாய் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உன் கண்ணு பெருசா இருந்துச்சு” என்றாள். பிரச்சினை டிவி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அடுத்தது, அவள் அனுபவத்தையே எடுத்துக் காட்டுவது. “தம்பி மேல கோபம் வந்துச்சுல்ல, அப்ப தம்பி நமக்கு வேணாமா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும். ஆனா கடிப்பேன்” என்றாள். சரி, பாதிக் கிணறு தாண்டியாச்சு. “அப்பாவுக்கும் அப்படித்தான். கோபம் வந்தாலும் நீ வேணும்.” இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம்.

3. டிவி அணைந்தே இருக்கட்டும்

மனசு இளகி ரிமோட்டைக் கையில் கொடுத்தோம் என்றால், “புடிக்காது” என்று சொன்னால் டிவி வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். “உன்னை எப்பவும் புடிக்கும். டிவி நாளைக்குத்தான்.” இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மறுபடி அழுவாள். அழட்டும், கூடவே உட்கார்ந்திருங்கள்.

4. பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்

எட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் சலனமே காட்டாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சிணுங்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “அப்பா உன்கூடப் பேச மாட்டேன் போ” என்பது வளர்ந்த பிள்ளையிடம் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. காய் விடுவதெல்லாம் பிள்ளைகளுக்குள் இருக்கட்டும். அன்று ராத்திரி வழக்கம்போலச் சோறு ஊட்டுங்கள், கதை சொல்லுங்கள். சமாதான ஐஸ்கிரீம் தேவையில்லை.

கருவிகள் பற்றி

உணர்ச்சி முகங்கள் அச்சடித்த சார்ட் கடையில் கிடைக்கிறது. இருபது முகம் இருந்தால் குழம்பித்தான் போகும். நான் ஒரு தாளில் கிரேயானால் ஒரே முகத்தில் கோபப் புருவமும் சிரித்த வாயும் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன், அது போதும். டிவி நேரத்துக்குச் சமையலறை டைமர் வாங்குங்கள். செல்போன் அலாரம் வேண்டாம், அணைக்கப் போன கை யூடியூபுக்குப் போய்விடும். சமத்தாக இருந்த நாளுக்கு ஸ்டார் ஒட்டும் ‘ஸ்டார் சார்ட்’ எனக்குப் பிடிப்பதில்லை. ஸ்டார் கிடைக்காத நாளில் இதே அழுகைதான் திரும்ப வரும்.

அப்பத்தாக்கள் கவனத்துக்கு

“உன்னையத் தவிட்டுக்குத்தான்டி வாங்குனோம்” என்ற கேலியை, தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும் வீட்டில் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள். நமக்கு அது சிரிப்பு. மகள் ஒருநாள் அம்மாவிடம் போய், தம்பியை எவ்வளவு தவிட்டுக்கு வாங்கினீர்கள் என்று தீவிரமாக விசாரித்தாள். அதேபோல, நாம் கண்டிக்கும்போது முறுக்கை நீட்டி “அப்பன் கெட்டவன், நீ வாடி தங்கம்” என்று இழுத்துக்கொள்வதும் வேண்டாம். அப்பாக்களே, பிள்ளை முன்னால் இதற்காக உங்கள் அம்மாவிடம் சண்டை பிடிக்காதீர்கள். தனியாகச் சொன்னால் கேட்பார்கள், பாதியாவது.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை:

“நிஜமாகவே ரொம்பக் கத்திவிட்டேன், மன்னிப்புக் கேட்கலாமா?” தாராளமாக. கத்தியதற்கு மட்டும் கேளுங்கள். “கத்துனது தப்பு. கடிக்கக் கூடாதுங்கிறது மாறாது.”

“பல் தேய்க்கச் சொன்னாலும் இதையே சொல்கிறான்.” அப்படியென்றால் இரண்டாம் படியைச் சுருக்கி, “புடிக்கும்டா, பிரஷ்ஷ எடு” என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

“திட்டாத நேரத்திலும் சொல்கிறாள், சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டது.” இது வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, செத்துப்போவது பற்றிப் பிள்ளை பேசினாலோ இந்தப் பதிவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.