மடோனாவின் ‘வோக்’: பேசும்போதும் ஆடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேஷன் இதழ்களின் மாடல்களைப் போல நின்று நின்று ஆடும் ‘வோகிங்’ என்பது அமெரிக்கப் பாப் பாடகி மடோனா உருவாக்கிய நடனம் என்ற வரியை இன்னும் எத்தனை இடங்களில் படிக்க நேருமோ தெரியவில்லை. அவருடைய ‘வோக்’ பாடல் வெளிவந்தது 1990 மார்ச்சில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விடிய விடிய நடந்த, உடையிலும் நடையிலும் ஆட்டத்திலும் மோதிக்கொள்ளும் ‘பால்’ (ball) போட்டிகளில் கறுப்பின, லத்தீன் தற்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் அதை ஆடி வளர்த்திருந்தார்கள். பாப் இசைக்குள் அதை முதலில் கொண்டுவந்தவர் மடோனா என்பதும் சரியல்ல. 1989இலேயே பிரிட்டிஷ் இசைக்கலைஞர் மால்கம் மெக்லாரன் ‘டீப் இன் வோக்’ என்ற பாடலை வெளியிட்டிருந்தார். அதன் வீடியோவில் ஆடியவர், இந்த நடனத்தின் பேராசான் என்று பால் போட்டிகளின் உலகம் போற்றும் வில்லி நிஞ்ஜா.

இந்தப் பால் உலகத்தைப் பற்றிய ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படத்தைப் பார்த்துத்தான் மடோனா பாடலை எழுதினார் என்பார்கள் சிலர். அந்தப் படம் டொரான்டோ விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது பாடல் வெளிவந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

சரி, அப்படியானால் கண்டுபிடித்தவர் யார் என்று ஒற்றைப் பெயரைத் தேட வேண்டாம். பால் கலைஞர் பாரிஸ் டுப்ரீ ஒரு கிளப்பில் ‘வோக்’ என்ற ஃபேஷன் இதழைப் பையிலிருந்து எடுத்து, அதிலிருந்த மாடலின் நிலையில் தாளத்துக்குச் சரியாக நின்று காட்டினார், அங்கே தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையின் கைதிகளிடம் பிறந்தது என்று இன்னொன்று. இரண்டும் வாய்வழியாக வந்தவை. எழுதும்போது ‘என்பார்கள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

சொற்களும் ஏமாற்றும். பால்ரூம் என்றதும் ஜோடியாகக் கைகோத்துச் சுழலும் வால்ட்ஸ் நினைவுக்கு வரும். இங்கே பால்ரூம் என்பது ஒரு சமூகம். பெண் வேடமிட்டுப் பங்கேற்கும் அழகிப் போட்டிகளில் வெள்ளையருக்கே மகுடம் போவதைக் கண்டு கொதித்த கறுப்பினக் கலைஞர் கிரிஸ்டல் லபேஜா, 1972 வாக்கில் ஹார்லெமில் கறுப்பினத்தவருக்கென ஒரு ‘பால்’ போட்டியை நடத்தினார். அதன் வழியே பிறந்ததுதான் ‘ஹவுஸ் ஆஃப் லபேஜா’. பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு ‘மதர்’, ‘ஃபாதர்’ என்று தலைமை தாங்குவோர் அமைத்துக் கொடுத்த குடும்பமே ஹவுஸ். கிளப்களில் ஆடுவதற்கான ஹவுஸ் இசை வேறு, இந்த ஹவுஸ் வேறு. மடோனாவும் இசைத் தயாரிப்பாளர் ஷெப் பெட்டிபோனும் சேர்ந்து எழுதிய இந்தப் பாடலின் தாளம் ஹவுஸ் இசையைச் சேர்ந்தது, நடனமோ ஹவுஸ் குடும்பங்களைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே பாட்டில் சேர்ந்ததால் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது.

ஆடக் கற்பவர்கள் பெரும்பாலும் முகத்தைச் சுற்றிக் கைகளை வளைத்துவிட்டு வோகிங் முடிந்தது என்று நின்றுவிடுகிறார்கள். வீடியோவில் நாம் பார்ப்பது, கோடும் கோணமும் நிறுத்தமும் முக்கியமாக உள்ள ‘ஓல்டு வே’ சார்ந்த ஆட்டம். உடலை முறுக்கி வளைக்கும் ‘நியூ வே’ தனி. இன்று அதிகம் பரவியிருக்கும் ‘வோக் ஃபெம்’ பாடல் வந்த பிறகு, தொண்ணூறுகளில் உருப்பெற்றது. கைகள், கேட்வாக், குந்தியபடி முன்னேறும் டக்வாக், சுழற்சியும் டிப்பும், தரை ஆட்டம் என அதற்கு ஐந்து கூறுகள். இதில் டிப்பைத்தான் பலரும் கெடுக்கிறார்கள். வெளியில் அதற்கு ‘டெத் டிராப்’ என்று பெயர் வைத்துவிட்டதால் தொப்பென்று மல்லாந்து விழுவது என்றே எண்ணுகிறார்கள். ஒரு காலை மடித்து, மற்றதை நீட்டி, கட்டுப்பாட்டோடு சாய்ந்து, தாளம் விழும் கணத்தில் முதுகு தரையில் படிய வேண்டும். தொடையும் கணுக்காலும் பலப்படும் முன் இதை முயன்றால் முழங்காலும் முதுகும் பாழாகும். கைத்தட்டலுக்காக முதல் வாரத்திலேயே இதைக் கற்பிப்பவரிடம் போகாதீர்கள்.

மடோனா திருடினார் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோவில் ஆடிய ஹோசே குட்டியரஸ், லூயிஸ் கமாச்சோ இருவரும் ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகன்சாவைச் சேர்ந்த உண்மையான பால் கலைஞர்கள். அதே ஆண்டு மடோனாவின் உலகச் சுற்றுப்பயணத்திலும் அவர்கள் ஆடினார்கள். அதற்காகப் பாடல் முழுக்கடன் தீர்த்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. அதில் வரும் பதினாறு நட்சத்திரப் பெயர்களும் வெள்ளையருடையவை. கிரேட்டா கார்போ இருக்கிறார், மார்லன் பிராண்டோ இருக்கிறார், ஹார்லெமிலிருந்து ஒருவர்கூட இல்லை. பாடல் மூன்று வாரம் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையின் முதலிடத்தில் இருந்த அந்த வேளையில், எய்ட்ஸ் பால்ரூம் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தது. எக்ஸ்ட்ராவகன்சாவின் மதர் ஆஞ்சி 1993இல் போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. இதைத் தவிர்த்துவிட்டு ‘வோக்’ பாடலை வெறும் பளபளப்பாக எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

2022இல் கறுப்பினப் பாடகி பியான்சே தன் ‘பிரேக் மை சோல்’ பாடலை ‘வோக்’ பாடலோடு கலந்து ஒரு ரீமிக்ஸ் வெளியிட்டார். அதிலும் ஒரு பெயர்ப்பட்டியல் வருகிறது. நினா சிமோன், அரீதா ஃபிராங்ளின் எனக் கறுப்பினப் பாடகியரின் பெயர்கள் ஒலிக்கின்றன. அவற்றோடு பால்ரூம் ஹவுஸ்களின் பெயர்களும்.