கோம்பி வேனுக்கு புது சைலன்சர் மாட்டுறது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனுக்கு சைலன்சர் மாத்துறது புதுசா ஸ்பேனர் பிடிக்கிறவங்களும் செய்யக்கூடிய வேலைதான், ஆனா பைக் சைலன்சர் மாதிரி ரெண்டு போல்ட்டோட முடிஞ்சிடாது. இந்த இன்ஜினுக்கு தண்ணியும் இல்ல ரேடியேட்டரும் இல்ல, அதனால உள்ள உக்காந்திருக்கவங்களுக்கு வர்ற ஹீட்டர் சூடு எங்க இருந்து வருதுன்னா, புகை போற பைப்பை சுத்தி ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு ஒரு கூடு இருக்கும், அதுக்குள்ள ஃபேன் காத்தை தள்ளும், அந்த காத்துதான் நேரா கேபினுக்கு வருது. அந்தப் பக்கம் எங்கயாவது புகை கசிஞ்சா கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அதுக்கு வாசனையே கிடையாது. அதனால சத்தம் குறையுறதை விட ஜாயிண்ட் கசியாம இருக்கிறதுதான் இந்த வேலையில முக்கியம்.

நான் சொல்றது 1968ல இருந்து 1971 வரைக்கும் வந்த பே விண்டோ வேன் (முன் கண்ணாடி ஒரே துண்டா வளைஞ்சு இருக்கும்), ஃபேன் நிமிர்ந்து நிக்கிற 1600 இன்ஜின். 1972ல வந்த 1700 இன்ஜினோட அமைப்பே வேற, அதுக்கு இதை பாத்து கை வைக்காதீங்க.

வாங்கும்போது சைலன்சர் மட்டும் வாங்காம மாட்டுற கிட்டையும் சேர்த்து வாங்குங்க. பேக்கிங், கிளாம்ப், சீலிங் ரிங் எல்லாம் அதுல வரும், பழசை திரும்ப போடுறது வீண் வேலை. எட்டு எம்எம் ஸ்டட்டுக்கு (இன்ஜின்ல இருந்து நீட்டிட்டு இருக்கிற, தலையில்லாத மரை கம்பி) செம்பு பூசின நட்டு தனியா கிடைக்கும், அதையும் எடுத்துக்கோங்க. புது சைலன்சர் மேல இருக்கிற கறுப்பு பெயிண்ட் கடையில இருக்கிற வரைக்கும் துரு பிடிக்காம இருக்கத்தான், மாட்டுறதுக்கு முன்னாடியே சூடு தாங்குற பெயிண்ட் அடிச்சு காய வைங்க.

முதல் நாள் ராத்திரியே கண்ணுக்கு தெரியிற எல்லா நட்டுக்கும் துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. மறுநாள் இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும், பேட்டரி வயரை கழட்டுங்க, முன் சக்கரத்துக்கு கட்டை வைங்க, வண்டியை தூக்கினா ஸ்டாண்ட் போடாம அடியில போகாதீங்க, ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. துரு கண்ணுல கொட்டும், கண்ணாடி போட்டுக்கோங்க.

கழட்டுற வரிசை இது. மொதல்ல சைலன்சரை சுத்தி இருக்கிற தகரங்கள், எது எங்க இருந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க. அடுத்து ஃபேன் கூட்டுல இருந்து கீழ வர்ற காத்து ஹோஸ். அப்புறம் கார்புரேட்டர் மேனிஃபோல்டுக்கு (கார்புரேட்டர்ல இருந்து சிலிண்டருக்கு போற பைப்) சூடு கொண்டு போற ஒல்லி பைப் ரெண்டு பக்கமும் சைலன்சர்ல வந்து சேரும், அந்த போல்ட். அதுக்கப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சரோட சேர்ற கிளாம்ப், சின்னது புகை பைப்புக்கு, பெருசு காத்து பைப்புக்கு. கடைசியா பின்பக்க சிலிண்டர் ரெண்டுலயும் ஹெட்டோட (சிலிண்டரை மூடுற மேல் பாகம்) நேரா சேர்ற நட்டு, பக்கத்துக்கு ரெண்டு.

இந்த நாலு நட்டுலதான் நிதானம் வேணும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, வருஷக்கணக்கா சூடாகி ஆறி ரெண்டும் ஒட்டிப்போய் கிடக்கும். நீளமான பைப்பை சொருகி ஒரே இழுப்பா இழுத்தா ஸ்டட் பட்டுனு முறியும், அப்புறம் ட்ரில் போட்டு புது மரை எடுக்கணும், ஹெட்டே கெட்டாலும் கெட்டுடும். அறுகோண சாக்கெட் போட்டு முதல்ல கொஞ்சம் டைட் பண்ற பக்கம் அசைச்சு பாருங்க, அப்புறம் லூஸ் பக்கம் கால் சுத்து, திரும்ப டைட், நடுவுல ஆயில், இப்படியே முன்னும் பின்னுமா போங்க. கீச்சுனு சத்தம் வந்து துரு பொடி உதிர்ந்தா அசைய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ரப்பர் மாதிரி இழுபட்டு திரும்புற மாதிரி இருந்தா ஸ்டட் முறுக்கிக்குது, உடனே நிறுத்துங்க, நட்டை பிளக்குற கருவி வச்சு நட்டை மட்டும் உடைச்சிடலாம், அது ரொம்ப மலிவு. நட்டோட ஸ்டட்டும் சேர்ந்து வந்துட்டா கவலையே வேணாம், புது ஸ்டட் போட்டா முடிஞ்சுது.

டார்ச் வச்சு சூடு பண்ணலாம்னு வீடியோல பாத்திருப்பீங்க. பக்கத்துலயே பெட்ரோல் பைப் ஓடுது, இன்ஜினோட வெளிக்கூடான கிராங்க்கேஸ் வேற மெக்னீசியம் கலந்த உலோகம், அது பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினா இன்னும் பெருசா எரியும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு டார்ச் வேணவே வேணாம்.

பழைய பேக்கிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, அதனால காஞ்சபடியே கம்பி பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, தண்ணி தெளிச்சு நனைச்சிட்டு சுரண்டுங்க. அந்த ஒல்லி சூடு பைப்புக்குள்ளயும் பாருங்க, கரி அடைச்சிருந்தா குளிர்ல மேனிஃபோல்டு மேல பனி பிடிச்சு வண்டி திக்கும். ஒரு கம்பி விட்டு குத்தி எடுங்க.

இப்ப மாட்டணும். ஸ்டட்டுக்கு செம்பு கிரீஸ் கொஞ்சம், புது பேக்கிங், சைலன்சரை தூக்கி ஸ்டட்ல சொருகுங்க, இதுக்கு மட்டும் கூட ஒரு ஆள் இருந்தா நல்லது. எல்லா நட்டும் எல்லா கிளாம்ப்பும் கையால மட்டும் திருகி தொங்க விடுங்க, ஒண்ணைக்கூட ஸ்பேனர் போட்டு இறுக்கக்கூடாது, ஏன்னா ஒரு பக்கம் முதல்ல இறுக்கிட்டா மறுபக்கம் பைப் நேருக்கு வராது, அப்புறம் இழுத்து பிடிச்சு மாட்டினா பேக்கிங் கோணலா உக்காந்து கசியும். எல்லாம் வாட்டமா வந்ததும் ஹெட் நட்டை மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும். அப்புறம் கிளாம்ப், அப்புறம் சூடு பைப்.

தகரத்தை எல்லாம் ஒண்ணு விடாம திரும்ப மாட்டுங்க. சும்மா அழகுக்குன்னு நினைச்சு மிச்சம் வைக்கிறவங்க நிறைய பேரு, ஆனா அந்த தகரமும் ஓர ரப்பரும்தான் கீழ இருக்கிற சூட்டையும் புகையையும் மேல ஃபேன் இழுத்துக்காம தடுக்குது. ஹீட்டரே வேணாம்னு எடுத்துட்டு வெறும் பைப் போட்டவங்க ஃபேன் கூட்டுல இருக்கிற ரெண்டு ஹோஸ் வாயையும் மூடி போட்டு அடைக்கணும், இல்லாட்டி இன்ஜினுக்கு போக வேண்டிய காத்து வெளிய போயிடும்.

வெட்டவெளியில வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. பெயிண்ட் கொஞ்ச நேரம் புகையும், அது சாதாரணம். கிளவுஸ் போட்டுட்டு துணியால பின் குழாயை ஒரு நொடி மூடி பாருங்க, ஜாயிண்ட்ல உஸ்ஸுனு சத்தம் வந்தா அங்க கசிவு. ஓட்டும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால் எடுத்ததும் டப் டப்புனு வெடிச்சாலும் அதே சந்தேகம்தான். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நல்லா ஆறினதும் எல்லா நட்டையும் இன்னொரு தடவை செக் பண்ணுங்க, பேக்கிங் அமுங்கி கொஞ்சம் லூஸ் ஆகியிருக்கும். அதுக்கப்புறம் ஹீட்டரை போடுங்க, வண்டியில தூங்குற ஆளா இருந்தா ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கி உள்ள மாட்டிடுங்க.